படம் சுத்தமா இருந்தா போதுமா? - ஸ்டென்ட்டும் தாலியம் டெஸ்ட்டும்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் வருஷா வருஷம் தாலியம் டெஸ்ட் எடுத்துக்கணுமா? ஒரு தொந்தரவும் இல்லாமல், ஒழுங்காக நடந்துகொண்டு, மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் "இவன் யாருய்யா சொல்றதுக்கு" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். (நாளைக்கு தாலியம் டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் டீ குடிக்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.)

பேச்சு கிளம்பியது ஒரு எஸ்.எம்.எஸ்ஸில். என் சித்தப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் இப்போது ஜம்மென்று இருக்கிறார். போன மாதம் "வருடாந்திர இதயப் பரிசோதனைத் திட்டம், சலுகை விலையில்" என்று தகவல் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், இந்த மாதிரி எஸ்.எம்.எஸ் வராத ஸ்டென்ட்காரர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை :-) சித்தி உடனே கிளம்பத் தயார். சித்தப்பா "எதுக்குடி தண்டச் செலவு" என்கிறார். சித்தி என்னிடம் திரும்பி, "நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே, நீ சொல்லுப்பா. ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டா நிம்மதிதானே?" என்றார். அன்றைக்குக் காபி குடித்த பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாததுதான் இந்தப் பதிவு.

முதலில் பேர்க் குழப்பம். தாலியம் டெஸ்ட் என்று சொல்கிறோமே தவிர, இப்போது பெரும்பாலும் ஊசியில் போவது தாலியம் இல்லை, டெக்னீசியம். தாலியம்-201 உடம்பில் பாதியாகக் குறைய மூன்று நாள் ஆகும். டெக்னீசியத்துக்கு ஆறே மணி நேரம். படமும் துல்லியம். ஆனால் பழைய பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஃபோட்டோகாப்பியை ஜெராக்ஸ் என்கிற மாதிரி. இந்த டெக்னீசியத்தை எங்கிருந்தோ பாட்டிலில் வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது. ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும் சரக்கை எப்படி வைப்பது? மாலிப்டினம் அடைத்த ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து தினம் காலையில் 'கறந்து' எடுக்கிறார்கள். அந்தத் துறைக்காரர்களே அதை மாடு என்றுதான் சொல்கிறார்கள். அணு உலையில் தயாராகிற மாடு! 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை திடீரென்று மூடியபோது உலகம் முழுக்க மாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. சரி, மாட்டை விட்டுவிட்டு இதயத்துக்கு வருவோம்.

ஆஞ்சியோகிராம் என்பது வாய்க்காலைப் பார்ப்பது. எங்கே அடைத்திருக்கிறது, எத்தனை சதவீதம் என்று தெரியும். இந்தப் படம் வயலைப் பார்ப்பது. வாய்க்கால் எப்படியோ இருக்கட்டும், கடைமடைக்குத் தண்ணி போச்சா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி. ஊசி மருந்து ரத்தத்தோடு போய் இதயத் தசையில் தங்கும். ரத்தம் நிறையப் போகிற இடத்தில் நிறைய, குறைவாகப் போகிற இடத்தில் குறைவாக. கேமரா அதை நிறம் நிறமாகக் காட்டும்.

இரண்டு தடவை எடுப்பார்கள். ஓய்வாக இருக்கும்போது ஒன்று, இதயத்துக்கு வேலை கொடுத்து ஒன்று. வேலை கொடுப்பது டிரெட்மில்லில் ஓடவிட்டு. மூட்டுவலிக்காரர்களுக்கு அடினோசின் மாதிரி ஒரு மருந்து. காபியிலும் டீயிலும் இருக்கிற கஃபீன் இந்த அடினோசினை வேலை செய்யவிடாது, அதனால்தான் முந்தின நாளே காபி, டீயை நிறுத்தச் சொல்வது. ஓய்வில் நிறம் நன்றாக இருந்து, வேலை கொடுத்தால் மங்கினால், அந்த இடத்துக்கு ரத்தம் பத்தவில்லை, ஆனால் தசைக்கு உயிர் இருக்கிறது. இரண்டிலும் மங்கல் என்றால் அது பெரும்பாலும் பழைய தழும்பு. இதயத்தை 17 பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போட்டு, மொத்தத் தசையில் எத்தனை சதவீதத்துக்கு ரத்தம் பத்தவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். (இங்கே மட்டும் மார்க் ஏற ஏற ஃபெயில்.)

இப்போது கேள்வி. ஸ்டென்ட் வைத்தபிறகு எடுக்கும் இந்தப் படம், அந்த ஆளுக்கு வரப்போகிறதைச் சொல்லுமா?

சொல்லும். இதில் சந்தேகமே வேண்டாம். 2003-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்த 356 பேருக்கு ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தால், நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, சரிசெய்த அதே ரத்தக்குழாயின் பகுதியில் மறுபடி ரத்தம் பத்தவில்லை. அவர்களில் பாதிக்கு மேல் வலியே இல்லாதவர்கள்! தொடர்ந்து கவனித்ததில், படம் மோசமாக இருந்தவர்களுக்குத்தான் பின்னால் தொல்லை அதிகம். 2008-இல் அமெரிக்காவில் கரேஜ் என்ற பெரிய ஆய்வின் ஒரு கிளையாக 314 பேருக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு படம் முழுக்கச் சுத்தமாக இருந்தவர்களில் சாவோ மாரடைப்போ யாருக்கும் வரவில்லை, 0 சதவீதம். 10 சதவீதத் தசைக்கு மேல் இன்னும் பாக்கி இருந்தவர்களில் 39 சதவீதம்.

0 எங்கே, 39 எங்கே! இதைப் படித்தால் யாருக்குமே தோன்றுவது என்ன? "அப்ப எடுத்துப் பார்த்துட வேண்டியதுதானே. மங்கலா இருந்தா இன்னொரு ஸ்டென்ட் வச்சுட்டா போச்சு." சித்தி சொன்னதும் இதைத்தான். பல டாக்டர்களும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்தார்கள்.

இங்கேதான் நாம் எல்லாரும் சறுக்குகிற இடம். நமக்குப் பழக்கமான பாஷையில் சொல்வதென்றால், ஜோசியம் பலிப்பது வேறு, பரிகாரம் பலிப்பது வேறு. ஒரு ஜோசியர் "உனக்குக் கண்டம் இருக்கு" என்று சொன்னது அப்படியே நடந்தாலும், அவர் சொன்ன பரிகாரத்தைச் செய்திருந்தால் நடந்திருக்காது என்று ஆகிவிடுமா? மங்கலான படம் உள்ளவர்கள் அதிகம் செத்தார்கள் என்பது ஜோசியம். அந்த மங்கலைத் தேடிக் கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தால் சாகமாட்டார்கள் என்பது பரிகாரம். இரண்டாவதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

அந்த 0-க்கும் 39-க்கும் நடுவிலேயே ஒரு பொடி எழுத்து சமாச்சாரம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் இருக்கும் மற்ற வியாதிகளையும் கணக்கில் சேர்த்துச் சரிபார்த்ததும் அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. அதாவது படம் மோசமாக இருந்தவர்கள் மற்ற விதத்திலும் உடம்பு மோசமானவர்கள். மங்கல் என்பது காரணமா, அடையாளமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அதற்கும் முன்னால், 2003-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 10,627 பேரின் பதிவேடுகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. 10 சதவீதத் தசைக்கு மேல் பாதிப்பு இருந்தால் ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்கள் தப்பித்தார்கள், அதற்குக் கீழே மாத்திரைக்காரர்கள் நன்றாக இருந்தார்கள் என்றது. ரொம்பக் காலம் இந்த '10 சதவீதம்' ஒரு வேதவாக்கு. ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை. யாருக்கு ஆபரேஷன், யாருக்கு மாத்திரை என்று டாக்டர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்தது. தாங்குகிற உடம்பைப் பார்த்துத்தானே ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள்?

சீட்டுக் குலுக்கிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. இஸ்கீமியா என்று பேர். 37 நாடு (இந்தியாவும் உண்டு), 5,179 பேர். எல்லாருக்கும் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நாம் பேசும் இதே அணுப் படத்தை வைத்துத்தான் சேர்த்தார்கள். ஒரு பாதியை உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்பி, ஸ்டென்ட் அல்லது பைபாஸ். இன்னொரு பாதிக்கு மாத்திரை, முடியாவிட்டால் மட்டும் ஆஞ்சியோ. மூணேகால் வருஷம் போல் கவனித்தார்கள். இறந்தவர்கள் அந்தப் பக்கம் 145, இந்தப் பக்கம் 144.

திரும்பப் படியுங்கள். 145, 144.

நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்ட் பக்கம் ஜெயித்தது, அதை மறைக்கக் கூடாது. வலியோடு வாழ்கிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் வலியே இல்லாதவருக்கு எந்த வலியைக் குறைப்பது? அடுத்த வருஷம், 2021-இல், அதே ஆய்வின் கணக்கைப் பிரித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. படத்தில் மங்கல் எவ்வளவு பெரிது என்பதற்கும் சாவுக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. ரத்தக்குழாய்கள் மொத்தத்தில் எத்தனை இடத்தில், எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதற்குத்தான் சம்பந்தம்.

"அதெல்லாம் புதுசா வந்த நோயாளிங்க. ஏற்கெனவே ஸ்டென்ட் வச்சவங்களைப் பத்திப் பேசு" என்று ஒரு நண்பர் மடக்கினார். சரியான கேள்வி. அதற்கும் பதில் வந்துவிட்டது, 2022-இல் தென்கொரியாவிலிருந்து. ஸ்டென்ட் வைத்தவர்களில் கொஞ்சம் ஆபத்து அதிகமுள்ள 1,706 பேர். இடது முதன்மைக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், கிளை பிரியும் இடத்தில் வைத்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் இப்படி. ஒரு பாதிக்கு ஒரு வருஷம் முடிந்ததும் கட்டாய டெஸ்ட். அணுப் படமோ, டிரெட்மில்லோ, ஸ்ட்ரெஸ் எக்கோவோ ஏதாவது ஒன்று. இன்னொரு பாதிக்குத் தொந்தரவு வந்தால் மட்டும் டெஸ்ட். இரண்டு வருஷ முடிவில் சாவு, மாரடைப்பு, நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்த்து, டெஸ்ட் எடுத்தவர்களில் 5.5 சதவீதம், எடுக்காதவர்களில் 6.0. வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்ப ஆஞ்சியோவுக்குப் போனவர்கள் 12.3-க்கு 9.3. திரும்ப ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் 8.1-க்கு 5.8. டெஸ்ட் எடுத்ததால் கூடுதலாக நடந்தது கத்தியும் கம்பியும்தான், கூடுதலாகக் கிடைத்த ஆயுள் எதுவும் கண்ணில் படவில்லை.

என்னைக் கேட்டால் ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் ஃபைலிலும் பின் அடித்து வைக்க வேண்டிய ஆய்வு இதுதான். 2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டியும், நிலைமையில் மாற்றம் இல்லாதவருக்கு அவ்வப்போது வழக்கமாக டெஸ்ட் எடுப்பதில் பலன் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

ஏன் இப்படி? அடைப்பை எடுத்தால் ஆயுள் கூடத்தானே வேண்டும்? நம் மண்டையில் உட்கார்ந்திருப்பது பிளம்பர் கணக்கு. குழாய் அடைத்தது, குத்திவிட்டோம், தண்ணி வருது, முடிந்தது. ரத்தக்குழாய் இரும்புக் குழாய் இல்லை. மாரடைப்பு பெரும்பாலும் வருவது, உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால். அந்தத் திட்டு நேற்றுவரை குழாயை முப்பது நாற்பது சதவீதம்தான் அடைத்திருக்கும். ரத்தம் தாராளமாக ஓடியிருக்கும். முந்தின நாள் தாலியம் எடுத்திருந்தால் படம் பளபளவென்று வந்திருக்கும்.

2011-இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. மாரடைப்பு மாதிரியான அவசரத்தில் வந்து ஸ்டென்ட் வைத்த 697 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். பின்னால் வந்த தொல்லையில், வைத்த இடத்திலிருந்து வந்தது 12.9 சதவீதம் பேருக்கு, வேறு இடத்திலிருந்து வந்தது 11.6. ஏறக்குறையச் சரிபாதி. வேறு இடத் தொல்லைக்குக் காரணமான திட்டுகளில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் ஆஞ்சியோவில் சாதுவாகத் தெரிந்தவை.

ஆகவே படம் சுத்தம் என்றால் "இன்றைக்கு வயலுக்குத் தண்ணி போகுது" என்று அர்த்தம். நல்ல செய்திதான். கரை நாளைக்கு உடையாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. இன்னொரு சிக்கல், மூன்று குழாயிலும் சம அளவில் அடைப்பு இருந்தால் இதயம் முழுக்க ஒரே மாதிரி மங்கி, ஒப்பிட நல்ல இடம் எதுவும் இல்லாமல், படம் சுமாராக நன்றாகவே தெரியும்! மறுபக்கம், உதரவிதானமோ பெண்களுக்கு மார்பகமோ கதிரை மறைத்து இல்லாத மங்கலைக் காட்டுவதும் உண்டு. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குள் எடுத்தால் நுண்குழாய்கள் இன்னும் தேறாமல் பொய்யாக மங்கலாம்.

சித்தியின் நிம்மதிக் கேள்விக்கு வருகிறேன். நிம்மதி சின்ன விஷயம் இல்லை, நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த நிம்மதி நல்ல ரிப்போர்ட் வந்தால் மட்டும்தான். ஓரத்தில் லேசாக ஒரு மங்கல் என்று வந்தால்? நன்றாக இருந்த மனுஷன் அன்றிலிருந்து நோயாளி. "ஒரு ஆஞ்சியோ பாத்துடலாமே" என்பார்கள். ஆஞ்சியோவில் ஒரு 60 சதவீதம் தெரியும். "வந்ததே வந்துட்டோம்" என்று இன்னொரு ஸ்டென்ட். அதற்கு இன்னொரு வருஷ மாத்திரை. யாரும் ஏமாற்றவில்லை, ஒவ்வொரு படியும் அந்தந்த இடத்தில் நியாயமாகத்தான் தெரியும். முதல் படியில் காலை வைத்ததுதான் விஷயம். கதிர்வீச்சு வேறு. ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட், இயற்கையாக நாம் மூன்று நாலு வருஷத்தில் வாங்கும் அளவு. ஒரு தடவைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. காரணமே இல்லாமல் வருஷா வருஷம் எதற்கு என்பதுதான் கேள்வி.

"சுகர்காரங்களுக்கு வலி தெரியாதேப்பா, அவங்க என்ன பண்றது?" இதுவும் வந்தது. வலி தெரியாமல் போகலாம் என்பது உண்மை. அதைப் பார்க்கத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொந்தரவு இல்லாத 1,123 சர்க்கரைக்காரர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் இந்தப் படம் எடுத்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷத்தில் இதயத் தொல்லை எடுத்தவர்களில் 2.7 சதவீதம், எடுக்காதவர்களில் 3.0. அவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்கள் இல்லை, ஆனால் கொரிய ஆய்வில் இருந்த சர்க்கரைக்காரர்கள் ஸ்டென்ட் வைத்தவர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்போ இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டா? அப்படி யாராவது பின்னூட்டம் போட்டால் கோபம் வரும் எனக்கு. ஸ்டென்ட் வைத்தபிறகு மறுபடி மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்றால் இதைவிட உபயோகமான படம் குறைவு. அந்த வலி இதயத்திலிருந்தா, வாயுவா, எந்தக் குழாய் வட்டாரம் என்று சொல்லும். இரண்டு மூன்று அடைப்பில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது வேண்டும். இதயத்தின் பம்பு பலம் குறைந்தால், தசை உயிரோடு இருக்கிறதா தழும்பா என்று பார்க்க வேண்டும். அங்கெல்லாம் படம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எஸ்.எம்.எஸ் பார்த்துப் போகிறவரிடம் கேள்வியே கிடையாது.

அந்தக் காசை எங்கே போடலாம் என்றால், நான் பார்த்தவரை பலபேர் கோட்டை விடுவது மாத்திரையில். "இப்பத்தான் நல்லா இருக்கேனே" என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது. பல் பிடுங்கப் போகிறேன் என்று, இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரத்தம் உறையாத மாத்திரையைத் தானே நிறுத்துவது. புது ஸ்டென்ட்டில் இது உயிரோடு விளையாட்டு, அங்கேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். எல்.டி.எல் 70-க்குக் கீழே இருக்கணும் என்கிறார்கள், ஐரோப்பியர்கள் 55-க்குக் கீழே என்கிறார்கள். உங்களுடையது எவ்வளவு என்று தெரியுமா? எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 112. வருஷக் கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை பாதி அளவாம். வெடிக்கக் காத்திருக்கும் திட்டுகளை அடக்குவது இந்த நம்பர்தான், அது எந்த வண்ணப் படத்திலும் வராது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிக்கிற பழக்கம் உள்ள ஒரு ஆள், அவ்வளவுதான். மேலே சொன்னது எல்லாம் தொந்தரவு இல்லாமல் இருக்கிற ஸ்டென்ட்காரர்களுக்கு. மாரடைப்பு நேரத்தில் வைக்கிற ஸ்டென்ட் உயிர் காக்கும், அந்தக் கதையே வேறு. உங்கள் டாக்டர் ஒரு காரணத்தோடு படம் எடுக்கச் சொன்னால் எடுங்கள். "மங்கலாக வந்தால் என் சிகிச்சையில் எதை மாற்றுவீங்க டாக்டர்?" என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். புதிதாக நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை வலி என்றால் பதிவு படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.